இருபத்திரண்டு நிமிஷம்

ஹார்ப்பைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று என் தங்கை சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட வரவில்லை. முப்பத்தோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள் நான். படுத்தபடி வருகிறவர்களை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. அந்த முப்பத்தோரு வருஷத்தில் பூமியைப் பதினேழு சுற்றுச் சுற்றியிருப்பேன். அதில் பாதி, குறுகின சந்துகளிலிருந்து ரிவர்ஸில் வெளியே வந்தது.

ஓய்வு பெற்றபோது நான் ஓட்டிய வண்டியையே ஏலத்தில் எடுத்துக்கொண்டேன். சைரனைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த வருத்தம் என்னோடுதான் போகும். மற்றபடி ஸ்ட்ரெச்சர் தண்டவாளம், கொக்கிகள், பின்னறைக்குத் தனி ஹீட்டர் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு ஹார்ப்புக்கு இதைவிட ராஜ மரியாதை யார் கொடுக்க முடியும்?

ஹார்ப்பைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ் மாதிரிதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நாற்பத்தேழு கம்பிகள். அடியில் ஏழு பெடல்கள், என் வண்டியைவிட நாலு அதிகம். அதை வாசிப்பது என் தங்கை மகள். பதினாறு வயசு ஆகியும் பன்னிரண்டு வயசுச் சட்டைதான் அவளுக்குச் சரியாக இருக்கிறது. வீட்டில் அவள் பெயர் குருவி. வாத்தியத்தின் பின்னால் அவள் உட்கார்ந்துவிட்டால் முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு கைகளும் இரண்டு செருப்புகளும் மட்டும்தான் தெரியும். ஹார்ப் தானாகவே வாசித்துக்கொள்கிறது என்று நினைத்து எழுந்து ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரி, ஒருவர் ஓடினார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்திருக்கலாம்.

அந்த ஹார்ப் அவளுடையது இல்லை. இசைப் பள்ளிக்கூடத்துடையது. பள்ளியில் இருப்பதே ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு மூன்று வருஷம் கொடுப்பார்கள், பிறகு அடுத்த பிள்ளைக்கு. குருவியின் மூன்று வருஷம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த பிள்ளை ஏற்கெனவே தாழ்வாரத்தில் வந்து நின்று தன் உயரத்தை அதோடு அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு ஹார்ப் வாங்குவது என்பது நிலாவில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பது மாதிரி.

இந்த நிலையில்தான் இளம் ஹார்ப் கலைஞர்களுக்கான போட்டி வந்தது. முதல் இடத்துக்குக் கோப்பை கிடையாது, பதக்கம் கிடையாது, ஒரு ஹார்ப். இருபத்தைந்து வயது வரை வீட்டில் வைத்து வாசிக்கலாம். இரண்டாம் இடத்துக்குச் சான்றிதழ். சான்றிதழில் கம்பி கட்டி வாசிக்க முடியாது. ஆக, ஜெயித்தால் வாத்தியம் உண்டு, இல்லையென்றால் மாதக் கடைசியோடு குருவியின் கை சும்மா இருக்க வேண்டியதுதான். அவள் இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேஜை விளிம்பில் விரல்களை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

போட்டி அன்று காலை ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். வேகத்தடைகளில் நான் ஏறி இறங்கிய நேர்த்தியைப் பார்த்து எதிரே வந்த லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார் என்றுதான் எனக்கு ஞாபகம். எட்டு மணிக்கு அரங்கத்தின் பின்வாசலில் நிறுத்தினேன். வாத்தியங்கள் ஏற்றும் கதவு எட்டரைக்குத்தான் திறக்கும் என்றார்கள். தங்கையும் குருவியும் பெயரைப் பதிந்து, சீட்டு எடுத்து வரிசை எண் வாங்க முன்வாசலுக்குப் போனார்கள். வண்டியில் நானும் நோயாளியும் மட்டும்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். என் மூச்சுக்காற்று வெளியே வந்து கீழே விழுந்து உடைந்தது. கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கம்பளிக்குள் ஹார்ப் படுத்திருந்தது. என் கை தானாகப் போய்ப் பின்னறை ஹீட்டரைத் தட்டிவிட்டது. யோசிக்கவே இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் நோயாளி குளிரில் கிடக்கக் கூடாது. முதல் நாள் வேலையில் சொல்லிக் கொடுத்தது, முப்பத்தோரு வருஷமாகக் கையில் ஊறிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம்.

ஹீட்டரை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நடுவுக்குச் சற்று மேலே ஒரு சிவப்புக் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. ஹார்ப்பில் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி இருப்பதால், கண் தடுமாறாமல் இருக்க ஏழில் ஒரு கம்பிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குக் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. மறுபடி கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். நல்ல பிள்ளை மாதிரி முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

தங்கையும் குருவியும் திரும்பி வந்தார்கள், கதவு திறந்தது. உருட்டிக்கொண்டு சுதி சேர்க்கும் அறைக்குப் போனோம். கம்பளியை விலக்கியதும் என் தங்கை போட்ட சத்தத்தில் மூன்று அறை தள்ளியிருந்தவர்களின் சுதி கலைந்தது. நான் முகத்தை உருளைக்கிழங்கு மாதிரி வைத்துக்கொண்டு, குளிருக்கு அதுவாக அறுந்திருக்கும் என்றேன்.

குருவி பதறவில்லை. கம்பி அறுவது அவர்களுக்கு நமக்குப் பொத்தான் அறுவது மாதிரி. பையிலிருந்து புதுக் கம்பி எடுத்து, முடிச்சுப் போட்டு, எட்டே நிமிஷத்தில் கட்டிவிட்டாள். அவளுக்கு ஐந்தாம் எண் விழுந்திருந்தது. மேடையேற எப்படியும் பதினொன்றே கால் ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. நீளக் கம்பிகள் சரியாக இருந்தன. குட்டைக் கம்பிகள் மட்டும் எல்லாமே ஒரு மாதிரியாக விலகியிருந்தன.

“பெரிம்மா, வண்டியில ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆகல. தூங்குற குழந்தையைக் கொண்டு வர்ற மாதிரி கொண்டு வந்தேன்.”

இப்போதே எல்லாவற்றையும் சேர்த்துவிடு, ஒன்பது மணிக்கு அறை அடுத்தவர்களுக்குப் போய்விடும் என்று என் தங்கை அவசரப்படுத்தினாள். குருவி சுதிச் சாவியை எடுத்து முதல் ஆணியில் மாட்டினாள்.

ஆம்புலன்ஸில் ஒரு சட்டம் உண்டு. நோயாளியை டாக்டர் கையில் ஒப்படைக்கும்போது, வழியில் என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். தப்பான மருந்தையே கொடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டாக்டர் அதன் மேல் இன்னொன்று கொடுப்பார், கதை முடிந்துவிடும். வாழ்க்கையில் நான் விடாத புளுகு இல்லை. ஆனால் அந்த வாசலில் மட்டும் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

“ஹீட்டர் போட்டேன்” என்றேன்.

என் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அதன் பிறகு மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

குருவி சாவியை ஆணியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“எவ்ளோ நேரம்?”

“கொஞ்ச நேரம்தான்டா.”

“பெரிம்மா, நீ எலியைப் பார்த்தா யானையைப் பார்த்தேன்னு சொல்ற ஆளு. நீ கொஞ்ச நேரம்னு சொன்னா எனக்கு ஒண்ணும் புரியாது. இது ஒண்ணை மட்டும் சரியா சொல்லு.”

“இருபத்திரண்டு நிமிஷம். எட்டு அஞ்சுலேர்ந்து எட்டு இருபத்தேழு. நடுப்புள்ளியில வச்சிருந்தேன்.”

“எந்தப் பக்கம் காத்து வந்துச்சு?”

“குட்டைக் கம்பிங்க பக்கம். நீளக் கம்பி மேல மூணு கம்பளி இருந்துச்சு.”

அவள் சாவியைக் கழற்றிக் கீழே வைத்தாள். வாத்தியம் இன்னும் ஒரு பக்கம் சூடாக இருக்கிறது, இப்போது சேர்த்தால் ஆறியபின் எல்லாம் கோணிவிடும், அதுவாக ஆறட்டும், பத்தே முக்காலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். இருபத்திரண்டு நிமிஷச் சூடு அதற்குள் இறங்கிவிடுமாம். மணிக்கணக்கில் போட்டிருந்தால் இன்று முழுக்கத் தேறாதாம். திட்டவே இல்லை. வயிறு நிறையத் திட்டு வாங்கத் தயாராக நின்ற எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தங்கை சுவரைப் பார்த்தபடியே, அரங்கத்து ஹார்ப் ஒன்று ஆபத்துக்கென்று மேடையில் இருக்கிறதே, அதில் வாசிக்கச் சொல் என்றாள். என்னிடம் இல்லை, சுவரிடம். குருவி போய் உட்கார்ந்து பார்த்தாள். அது கோபுரம். அவள் கால் பெடலுக்கு ஒரு ஜாண் மேலே ஊஞ்சலாடியது. இறங்கி வந்துவிட்டாள்.

ஆக மிச்சம் இருந்த சங்கடம் ஒன்றுதான், புதுக் கம்பி. புதுக் கம்பி நிற்காது. இழுத்துக் கட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு சுதி இறங்கிக்கொண்டே போகும். மனிதர்களிலும் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும். முதல் பாட்டில் அந்தக் கம்பியைத் தொடாமலே சமாளித்துவிடலாம் என்றாள். அதற்கு அடுத்தாற்போல் கீழே இருக்கும் வெள்ளைக் கம்பியின் பெடலை முழுவதும் மிதித்தால், வெள்ளை அரைச் சுரம் ஏறிச் சிவப்பின் சுரத்தையே கொடுக்கும். வெள்ளையின் சொந்தச் சுரம் தேவைப்படும் இடங்களில் காலை எடுத்துவிட வேண்டும். பாட்டில் அப்படிப் பதினோரு இடம். பதினோரு இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். காலுக்குத்தான் வேலை.

இரண்டாவது பாட்டில் அந்தத் தந்திரம் செல்லாது. அதில் ஓர் இடத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அந்த இடத்தில் புதுக் கம்பி சரியாக நின்றாக வேண்டும்.

“அது எவ்ளோ வேகமா இறங்குதுன்னு தெரிஞ்சா போதும்” என்றாள் குருவி. “நீ எழுதுறியா?”

எழுதுவதா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடியும் மூச்சும் எழுதி எழுதியே என் கட்டைவிரல் தேய்ந்தது. அறையைக் காலி செய்து தாழ்வாரத்துக்கு வந்தோம். சுவரோரம் நாற்காலி போட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குருவி அந்தக் கம்பியை மீட்டுவாள். சுதி மீட்டரில் முள் எத்தனை புள்ளி கீழே போயிருக்கிறது என்று சொல்வாள். நான் எழுதுவேன். அவள் கையால் கம்பியை இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டு, மறுபடி சரியாகச் சேர்த்து வைப்பாள். முதல் பத்து நிமிஷத்தில் நாற்பது. அடுத்து முப்பத்தொன்று. அடுத்து இருபத்திரண்டு. அதன் பிறகு பதினேழு.

சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் கதவு திறந்ததிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர். தாழ்வாரம் முழுக்க ஒரே நேரத்தில் எட்டு மழை பெய்கிற சத்தம். நாங்கள் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. ஒரு அப்பா என்னிடம் வந்து, உங்கள் பெண் பயிற்சி செய்யவில்லையா என்று கேட்டார். அவள் பிறப்பதற்கு முன்பே பயிற்சி முடித்துவிட்டாள் என்றேன். பாவம், போய்த் தன் மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது.

பத்தே முக்காலுக்கு வாத்தியத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று சீராக இருந்தது. குருவி மற்ற நாற்பத்தாறையும் சேர்த்தாள். பதினொன்று பத்துக்கு என் தாளில் கடைசியாக எழுதியது ஒன்பது. இருவரும் தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். மேடையேறும் வரை கொஞ்சம், முதல் பாட்டு ஒன்பது நிமிஷம், இரண்டாவதில் அந்த இடம் வர நாலு நிமிஷம். சிவப்புக் கம்பியைச் சரியான சுதிக்குப் பன்னிரண்டு புள்ளி உயர்த்தி வைத்தாள். அது தானாக இறங்கி, அந்த இடம் வரும்போது சரியான படிக்கட்டில் நிற்க வேண்டும்.

நடுவர்கள் மூன்று பேரும் திரைக்குப் பின்னால். யார் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். போட்டியாளர் பேசக் கூடாது. கம்பி அறுந்தது, பெரியம்மா அடுப்பு மூட்டினாள் என்றெல்லாம் சொல்ல வழியில்லை.

நான் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். எல்லாரும் கைகளைப் பார்த்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். மலைப்பாதையில் நாலு கொண்டையூசி வளைவை ஒரே மூச்சில் எடுத்தவள் நான். ஆனால் அந்த இரண்டு செருப்புகள் செய்ததை என்னால் ஏழு ஜென்மத்திலும் செய்ய முடியாது. மிதித்தது, விட்டது, நகர்ந்தது, மறுபடி மிதித்தது. பதினோரு இடம். நான் எண்ணினேன். மேலே பாட்டு, குளத்துத் தண்ணீர் மாதிரி அசங்காமல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது பாட்டு மெதுவானது. நாலாவது நிமிஷம் வந்தபோது நான் மூச்சு விடவில்லை. இதில் மிகை இல்லை, தங்கையைக் கேட்டால் சொல்வாள். அவளும் விடவில்லை. குருவியின் விரல் அன்று முதல் தடவையாக மேடையில் அந்தச் சிவப்புக் கம்பியைத் தொட்டது. இரண்டு சுரமும் சேர்ந்து எழுந்தன. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு கதவு சட்டத்தில் போய்ச் சரியாகப் பொருந்துகிற சத்தம் தெரியும். அப்படித்தான் கேட்டது.

எல்லாரும் வாசித்து முடித்தபின் அரங்கக் காரியதரிசி வந்து, மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவர்களால் முடிவு சொல்ல முடியவில்லை, இருவரும் இரண்டாவது பாட்டை இரண்டு மணிக்கு மறுபடி வாசிக்க வேண்டும் என்றார்.

மூன்றாம் எண் காலையில் தலையில் அடித்துக்கொண்ட அந்தப் பெண்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவள். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியோடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்து அவளும் கால்களைப் பார்த்திருக்கிறாள்.

“முதல் பாட்டுல உன் கால் ஏன் அப்படி ஆடுச்சு? யாரும் அந்த இடத்துல பெடல் மாத்த மாட்டாங்களே.”

குருவி ஒளிக்கவில்லை. ஹீட்டரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் என் ரொட்டியைப் பார்த்தேன்.

“நானா இருந்தா உக்காந்து அழுதிருப்பேன்” என்றாள் அவள்.

“எனக்கும் அழுகைதான் வந்துச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்பியைப் பாக்கணுமே, எங்க அழறது?”

அவள் போனபின் குருவியின் முகம் மாறியது. காலையில் போட்ட கணக்கு காலைக்கானது. இப்போது கம்பி எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது, எத்தனை புள்ளி உயர்த்த வேண்டும், ஒன்றும் தெரியாதே என்றாள். தாளை நீட்டினேன். அவள் மேடையிலிருந்து இறங்கியதிலிருந்து நான் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாதபோது நான் எப்படி நிறுத்துவது? அவள் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் அவள் காட்டித் தந்தபடி அந்தக் கம்பியை ஒரு விரலால் தட்டி மீட்டரைப் படித்து, போன தடவையைவிட எத்தனை புள்ளி இறங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து. நாலு. இரண்டு. இரண்டு. ஒன்று.

குருவி அந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

“இது நிசமா?”

“நிசம்.”

“கூட்டிக் குறைச்சு எதுவும்…”

“எழுதுறதுல நான் புளுக மாட்டேன். வாயில மட்டும்தான்.”

அவள் சிரித்தாள். அன்று அவள் சிரித்த முதல் சிரிப்பு. கம்பி அடங்கிவிட்டது, இனி எதையும் உயர்த்த வேண்டாம், நேராகச் சேர்த்துவிட்டு வாசிக்க வேண்டியதுதான் என்றாள்.

மூன்றாம் எண் முதலில் வாசித்தாள். நன்றாக வாசித்தாள், ரொம்பவே நன்றாக வாசித்தாள். அவளைக் குறைத்துச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பிறகு குருவி. காலையில் அவள் வாசித்தது ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு வாசித்தது. இப்போது கணக்கு இல்லை. செருப்புகள் தேவைப்பட்டபோது மட்டும் அசைந்தன. அந்த இடம் வந்தது, தாண்டிப் போனது, நான் கவனிக்கவே மறந்துவிட்டேன். பாட்டு முடிந்தபின்தான் ஞாபகம் வந்தது.

கால் மணி நேரத்தில் காரியதரிசி வெளியே வந்து ஐந்தாம் எண் என்றார். என் தங்கை கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், கிடைக்காமல் மூடினாள், மறுபடி திறந்தாள். குருவி சுவரில் சாய்ந்து நின்று, தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று இருந்த பெண் வந்து அவள் தோளில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனாள். பரிசு ஹார்ப்பைக் கையளவு பார்த்துச் சரிசெய்து அடுத்த வாரம் வீட்டுக்கே அனுப்புவார்களாம். வண்டிக்கு அன்று வேறு சுமை இல்லை.

திரும்பும்போது குருவி பின்னறையில், பள்ளி ஹார்ப்புக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுதான்.”

ஒரு வேகத்தடையில் வண்டியை அலுங்காமல் ஏற்றி இறக்கினேன்.

“வேற எதாவது சொல்லாம வச்சிருக்கியா?”

கிண்டலாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டுவிட்டாள். வீடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சாலை காலியாக இருந்தது. நான் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.